தெக்கோங்கிலிருந்து வந்து இரண்டு இரவு ஆடிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தெக்கோங் தீவின் ராணுவப் பயிற்சி முகாமுக்குக் கிளம்பிய அவசரத்தில் கணினியை அணைக்காமல் போய்விட்டாய். பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தில் உன்னை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். திரையில், இன்னும் வெளியாகாத அந்த இணைய விளையாட்டின் சோதனைக் குழுவினர் அனுப்பிய கருத்துப் படிவம் திறந்தபடியே இருந்தது. எட்டுக் கேள்விகளில் ஏழை நீ தொடவே இல்லை. கடைசிப் பெட்டியில் மட்டும் "குப்பை. நேரம்தான் வீண்" என்று எழுதி, அனுப்பாமல் விட்டிருந்தாய். நானும் அதை அனுப்பவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன்.

இதை உன் கைப்பேசிக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலவே இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்துகொண்டு, வார இறுதியில் மட்டும் சோதனைக்கு வரும் பிள்ளைகள் நம் குழுவில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் ஏறத்தாழ இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். விளையாட்டின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தோம், அதனால் பெயர் வேண்டாம். உனக்குத் தெரியும், அது போதும்.

முதலில் அந்தப் பாலம். சனிக்கிழமை இரவு பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை கல்பாலத்துக் காவலனிடம் நீ பதினோரு முறை செத்தாய். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சம்மட்டியைத் தூக்குவான், தரையில் சிவப்பு வட்டம் விரியும், நீ வெளியே ஓடுவாய். உன் கால் கோட்டைத் தாண்டியதை நானும் என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அடி விழுந்தது. ஒன்பதாவது முறை செத்த பிறகு சுட்டியை விட்டுவிட்டு, பயிற்சியில் கொப்புளித்துப்போன உள்ளங்கையைப் பார்த்தபடி "எனக்குக் கை வரவில்லை, அக்கா" என்றாய். அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. நீ போன பிறகு நானே அளந்து பார்த்தேன். இந்தச் சோதனைக்கு, ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வர் ஒன்றே ஒன்றுதான். அது அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து அந்தக் கரை ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போக 70 மில்லிநொடி (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வர 70. கடலடிக் கம்பிவடங்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை, நடுவில் பல இடங்களில் கைமாறியும் போகவேண்டும். அதனால் நம் வீட்டில் 190 காட்டியது. அடி விழுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அங்கே இருக்கும் சர்வர். வட்டம் விரிந்த செய்தி உனக்கு வந்து சேர்வதற்கும், நீ ஓடிய செய்தி அங்கே போய்ச் சேர்வதற்கும் சேர்த்து அந்த 190 மில்லிநொடி கரைந்துவிடுகிறது. நொடிக்கு ஆறு மீட்டர் ஓடும் ஒரு பாத்திரம் அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். நீ பார்த்த திரையில் நீ வட்டத்துக்கு வெளியே நின்றாய். சர்வரின் கணக்கில் இன்னும் உள்ளேதான் இருந்தாய். இரண்டும் உண்மை.

இதற்கு வழியில்லாமல் இல்லை. வட்டம் விரிந்து சம்மட்டி இறங்கும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம். ஆடுபவரின் தாமதத்தைக் கணக்கில் எடுத்து, சர்வர் சற்றுப் பின்னோக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். வேகமாகச் சுடும் ஆட்டங்களில் இது பல வருடப் பழக்கம். இந்த வட்டாரத்துக்கு இங்கேயே ஒரு சர்வர் வைக்கலாம். எத்தனையோ கடலடிக் கம்பிவடங்கள் சாங்கியிலும் துவாசிலும்தானே கரையேறுகின்றன. ஆனால் கலிஃபோர்னியாவில் 20 மில்லிநொடியில் உட்கார்ந்து ஆடிப் பார்க்கும் வடிவமைப்பாளருக்கு அந்தப் பாலத்தில் எந்தக் குறையும் தெரியாது. அவருக்கு வட்டம் வட்டமாகவே இருக்கும். "குப்பை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? "சிங்கப்பூர், கம்பிவழி இணைப்பு, 190 மில்லிநொடி, கல்பாலம், 11 முறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் என் திரையில் கால் வெளியே இருந்தது" என்று நீ எழுதியிருந்தால், அடுத்த நாளே யாராவது ஒருவர் தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டி அந்தப் பாலத்தில் நின்று பார்த்திருப்பார். இரண்டு மணி நேரம் நீ பட்ட பாடு வீணாகாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

இரண்டாவது, நீ வெறுமையாக விட்ட நான்காம் கேள்வி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அதைத்தான் நீ முதலில் நிரப்பியிருக்கவேண்டும் என்பேன். வெள்ளிக்கிழமை இரவு நீ வரும்போது நம் குழுவில் மற்றவர்கள் பதினெட்டாம் நிலையில் இருந்தார்கள், நீ ஏழில். தினசரிப் பணிகள் ஏழு நாளுக்கும் தனித்தனிப் பரிசு தருகின்றன. உனக்குக் கிடைப்பது இரண்டு நாள் பரிசு. அவர்களோடு சேர்ந்து குகைக்குள் போக உன்னால் முடியவில்லை. வந்த இரண்டு இரவும் தனியாகத்தான் ஆடினாய். கூடி ஆடுவதற்கென்றே செய்த விளையாட்டில் தனியாக ஆடினால் அலுப்புத் தட்டாமல் என்ன செய்யும்?

2004இல் வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு சோதனைக் கட்டத்தில் இருந்தபோது நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். நெடுநேரம் தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும்படி முதலில் வைத்திருந்தார்கள். சோதனையில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள், தண்டனை கொடுக்கிறீர்கள் என்றார்கள். அப்போது விளையாட்டைச் செய்தவர்கள் அந்த அமைப்பையே புரட்டிப் போட்டார்கள். குறைந்த அளவை வழக்கமான அளவு என்று ஆக்கி, ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்கு அதன் இரட்டிப்பு என்றார்கள். கணக்கு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஆடுபவர் மனத்தில் அது வெகுமதியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ விளையாட்டுகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. அவ்வளவுக்கும் காரணம், சோதனை நேரத்தில் சிலர் உட்கார்ந்து தங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதியதுதான். ஐந்து நாள் காட்டில் கிடந்துவிட்டு வருகிற உன்னைப் போன்ற ஒருவனுக்காகவே அந்த ஏற்பாடு செய்தாற்போல இருக்கிறது, இல்லையா? நம் விளையாட்டில் அப்படி ஒன்று இல்லை. கேட்டால்தானே வைப்பார்கள்? நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் நிறையவே எழுதுகிறார்கள். அவர்கள் கேட்பது இன்னும் கடினமான குகைகளை.

கேட்டும் செவிசாய்க்காமல் போனதும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டின் முதல் வடிவத்தைச் சோதனையில் ஆடியவர்கள் பட்டியல்கள் திறக்கவே நேரமாகிறது என்று புலம்பினார்கள். அப்படியே 2010 செப்டம்பரில் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பொறுப்பாளரை மாற்றவேண்டி வந்தது. 2012 நவம்பரில் அந்த உலகத்தையே மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். நாம் எழுதினால் கேட்பார்கள் என்று உன்னிடம் உறுதி சொல்ல என்னால் முடியாது. எழுதாவிட்டால் கேட்க வழியே இல்லை.

இப்போது எனக்கு மிக நெருக்கமான ஒன்று. நீ பார்த்திருக்கமாட்டாய், முதல் வாரத்தில் நான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தபோது நடந்தது. நம் குழுவில் ஒருவருக்குப் பின்னால் காட்டுப் பேய் ஒன்று வந்துகொண்டிருந்தது. அரட்டைப் பெட்டியில் அவசரமாக "பேய் வருகிறது, ஓடு" என்று தமிழில் தட்டினேன். திரையில் வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பகரத்துக்கு இடப்பக்கம் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு வலப்பக்கம் தள்ளி நின்றது. யகரத்தின் தலையில் இருக்கவேண்டிய புள்ளி பக்கத்தில் இறங்கிக் கிடந்தது. அந்த நண்பர் படித்துப் புரிந்துகொள்வதற்குள் பேய் அவரைப் பிடித்துவிட்டது.

காரணம் எளியது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "பே" என்பது முதலில் பகரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. அந்த வேலைக்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. விளையாட்டுக்காரர்கள் அதை இணைக்கவில்லை, எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிட்டார்கள். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் அது போதும். நமக்குப் போதாது.

எனக்கு அன்று கோபமும் வருத்தமும் சேர்ந்து வந்தன. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது இந்த ஊரில்தான். தமிழைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று பேச வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அதற்காக உழைத்த நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அடுத்த இரண்டே ஆண்டில் மறைந்துவிட்டார். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நண்பரை ஓடச்சொல்லித் தமிழில் ஒரு வரி எழுத எனக்கு முடியவில்லை. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டிலிருந்து எழுதுகிறேன் என்றுதான் என் அறிக்கையைத் தொடங்கினேன். எந்த எழுத்து, எந்தப் பெட்டி, எந்த விசைப்பலகை, எப்படி வரவேண்டும், எப்படி வந்தது என்று படத்தோடு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: எங்களிடமும் அதேபோல வருகிறது, நன்றி. சென்ற வாரத் திருத்தத்தில் அரட்டைப் பெட்டி சரியாகிவிட்டது, தம்பி. நீ சனிக்கிழமை "எங்கே இருக்கிறீர்கள்" என்று தட்டியபோது ஒரு கொம்பும் இடம் மாறாமல் வந்ததே, நீ கவனிக்கவில்லை. கவனிக்கவேண்டிய தேவையே உனக்கு இல்லாமல் போனதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பாத்திரத்தின் தலைக்கு மேல் வரும் பெயரை மட்டும் இன்னும் தமிழில் வைக்க முடியவில்லை. அதற்கும் எழுதியிருக்கிறேன்.

சிறு குறைகள் வேறு உண்டு. கறுத்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் நிலா வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்தாற்போல ஆகிறது. அம்மாவைப் போல ஒரு பாத்திரம் செய்துவிட்டு அதைப் பார்த்து மனம் கசந்தது. சந்தையில் மூலிகை விலை கண்டபடி ஏறுகிறது. மலைக் கோயிலுக்குள் போனால் இரண்டுக்கு ஒரு முறை ஆட்டம் நின்றுவிடுகிறது. இவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

நல்லதையும் எழுதவேண்டும், தம்பி. படிவத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. மீனவர் கிராமத்தில் மழை பெய்யும்போது தகரக் கூரையில் ஒரு சத்தம், ஓலைக் கூரையில் ஒரு சத்தம், படகின் மேல் வேறொரு சத்தம். நான் ஆடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். யாரோ ஒருவர் அதற்காக எங்கோ ஒரு கூரைக்கடியில் கருவியோடு நின்றிருக்கவேண்டும். அதைக் கேட்டோம் என்று அவருக்குத் தெரியட்டும். இல்லாவிட்டால், யாரும் சொல்லவில்லையே என்று அடுத்த திருத்தத்தில் எல்லாக் கூரைக்கும் ஒரே சத்தமாக்கிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, காரில் வரும்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சோதனை முடிந்ததும் எல்லாப் பாத்திரங்களையும் அழித்துவிடுவார்கள், அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு என்றாய். அப்போது சரியான பதில் எனக்கு வாயில் வரவில்லை.

தொடக்கநிலை ஐந்தில் பள்ளியிலிருந்து எங்களைத் தேசிய தின அணிவகுப்பின் ஒத்திகைக்கு அழைத்துப்போனார்கள். உன்னையும் அழைத்துப்போயிருப்பார்கள். கல்லாங்கின் பழைய விளையாட்டரங்கில் உட்கார்ந்திருந்தோம். ஆகஸ்ட் 9க்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அணிவகுத்தவர்களுக்கு அது ஒத்திகை. எனக்கு அதுதான் அணிவகுப்பு. வாணவேடிக்கை வெடித்தபோது பக்கத்தில் இருந்த தோழி என் கையைப் பிடித்துக்கொண்டது வரை நினைவிருக்கிறது. அந்த வருடத்து உண்மையான அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. நீ பதினோரு முறை அந்தப் பாலத்தில் ஓடியதும், நான் பின்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததும் எனக்கு அப்படித்தான். பாத்திரத்தை அவர்கள் அழித்துக்கொள்ளட்டும்.

அடுத்த சோதனை வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நீ படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வர ஒன்பதாகும். புதிய திருத்தத்தை நான் முன்கூட்டியே இறக்கிவைக்கிறேன். நம் குழுவில் இருவர் ஏழாம் நிலையில் புதுப் பாத்திரம் தொடங்கிவிட்டார்கள், உன்னோடு குகைக்குள் வருவதற்கு. உன் வீரன் பாலத்துக்கு இந்தப் பக்கம், நீ விட்ட இடத்திலேயே நிற்கிறான். படிவமும் திறந்தேதான் இருக்கிறது, ஞாயிறு நள்ளிரவு வரை நேரம் உண்டு. கைக்குக் களிம்பு வாங்கி உன் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா