பழுப்பு நிறமாக இருந்தால் மக்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், அழகுப் பொருட்களும் சத்துப் பொடி, மாத்திரைகளும் பசுமைப் பேக்கிங்குக்கு மாறி வருகின்றன என்று எழுதி, பக்கத்தில் பழுப்புக் காகிதக் கவர் ஒன்றின் படமும் போட்டிருந்தீர்கள். அந்தக் கவரோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள் என்பதால் எழுதுகிறேன். காங்கயம் பக்கம் எங்கள் ஊர். முருங்கை இலைப் பொடி, குளியல் பொடி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் வீட்டிலேயே போட்டு, வாரச் சந்தையிலும் கூரியரிலும் விற்கிறேன்.

முதலில் சாதா பிளாஸ்டிக் கவர்தான் போட்டேன். இயற்கைப் பொருளைப் பிளாஸ்டிக்கில் தருகிறீர்களே என்று வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கக் கூச்சமாகிவிட்டது. அப்போதுதான் கவர் வியாபாரி ஒருவர் இந்தப் பழுப்புக் கவரைக் காட்டினார். மக்கும், மண்ணோடு மண்ணாகும் என்றார். விலை இரண்டு மடங்கு. சரி, போகட்டும் என்று வாங்கினேன், லேபிளில் பெரிதாக 'மக்கும் பை' என்றும் அடித்துவிட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், ஆடு மேயும்போது பார்த்தால், கிளுவை வேலி முள்ளில் ஏதோ பளபளவென்று மாட்டிக்கொண்டு ஆடுகிறது. கிட்டப் போய் எடுத்தேன். மேலே இருந்த காகிதம் மழையில் ஊறி உரிந்து போயிருந்தது. உள்ளே வெள்ளி நிறத் தாள் புதுசு போலவே இருந்தது, ஜிப் கூட நன்றாக மூடித் திறந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த லேபிள் துண்டில் என் போன் நம்பரில் பாதி.

வீட்டுக்கு வந்து புதுக் கவர் ஒன்றை வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு உரித்துப் பார்த்தேன். வெளியே காகிதம், நடுவில் அலுமினியம் பூசிய தாள், உள்ளே பாலித்தீன், மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியது. காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக்கை உருக்குகிறவருக்கும் ஆகாது. பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "ஏனுங்க அம்மிணி, இதை நான் எடுத்துட்டுப் போனா எனக்கு யாருங்க காசு தருவாங்க? தண்ணி பாட்டில், ஷாம்பு டப்பா இருந்தா கொண்டாங்க" என்று சிரிக்கிறார். யாராவது சேகரித்து அனுப்பினால் சிமென்ட் ஆலையில் எரிபொருளாகப் போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் வெறும் காகிதப் பையில் போட வேண்டியதுதானே என்பீர்கள். போட்டுப் பார்த்தேன். ஐப்பசி மழையில் முருங்கைப் பொடி இரண்டே வாரத்தில் கட்டி தட்டி, வேறு வாசம் அடித்தது. வெளிச்சமும் ஆகாது. வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், கண்ணாடி போல் தெரியும் டப்பாவில் கடை வாசலில் அடுக்கி வைத்த குளியல் பொடியில் இருக்கும் மஞ்சளுக்கும் அதே கதைதான். ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் தடுப்பது கவரின் வேலை. அதைச் செய்யாத கவர் மக்கினால் என்ன, மக்காவிட்டால் என்ன, பொடியே குப்பைக்குத்தானே போகிறது?

மக்காச்சோளத்தில் செய்த பிளாஸ்டிக் என்று இன்னொன்று வருகிறது. அது மக்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி சூட்டை விடாமல் வைத்திருக்கும் பெரிய உரக் கூடம் வேண்டும், நம் தோட்டத்துக் குப்பைக்குழியில் அது பாட்டுக்குக் கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதானால் ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் இருக்க வேண்டும். அந்த வியாபாரியிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு ஐ.எஸ்.ஓ. சான்றிதழை அனுப்பினார், அதில் கவர் என்ற வார்த்தையே இல்லை. (பம்ப் வைத்த பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கழற்றிப் பாருங்கள், பல வகை பிளாஸ்டிக்குக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பாட்டில் நல்லதாக இருந்தாலும் அந்தத் தலை குப்பைதான்.)

இப்போது எண்ணெய்க்குப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். ஆனால் கண்ணாடி என்றாலே நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். 200 மில்லி காலி பாட்டிலை என் தராசில் வைத்தால் கண்ணாடி 180 கிராம், பெட் பாட்டில் (தண்ணி பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக்) 20 கிராம் சொச்சம். சென்னைக்குப் போகிற லாரி அத்தனை கண்ணாடியையும் சுமந்து போய், அங்கே ஒரே தடவையில் தூக்கிப்போடுவதற்கு, பழைய பேப்பர் கடையில் எடுக்கிற பெட் பாட்டிலே மேல். அதனால் தூரத்துக்கு அதையே, பபிள் ஷீட்டுக்குப் பதில் தேங்காய் நார் சுற்றி அனுப்புகிறேன். பக்கத்து ஊர்களுக்குக் கண்ணாடி, பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய். சந்தையில் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் கொண்டுவந்து தருகிறார்கள். பிசுக்கு போக அரப்புத்தூள், அப்புறம் கொதிநீர், அப்புறம் வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காய வேண்டும், ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் எண்ணெய் காறிப்போகும். மூடி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. வேலை அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அப்பத்தா காலத்தில் தூக்குப்போசியோடு செக்குக்கு நடந்துதானே எண்ணெய் வாங்கினார்கள்.

காலி மதுபாட்டில் காட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போய், 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் முறை வந்தது, பிறகு கோவைக்கும் வந்தது. சாராய பாட்டிலுக்கு முடிகிறது, தலைக்கு எண்ணெய் வாங்கும் பாட்டிலுக்கு முடியாதா? என்னைப் போல் வீட்டில் தயாரிப்பவர்கள் திருப்பூர், ஈரோடு, கரூர் முழுக்க இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பாட்டில், தாலுகாவுக்கு ஒரு கழுவுமிடம் என்று அரசு செய்து கொடுத்தால், மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பசுமைப் பேக்கிங் பற்றி எழுதும் நிருபர், எழுதுவதற்கு முன்னால் ஒரு கவரைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துப் பார்க்கட்டும். வேலியில் எடுத்த கவரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன், கூரியர் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்