மதுரைப் பண்பலை வானொலிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் கேட்கக்கூடிய பண்பலைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் ஒரு நேயர், அலைவரிசை எண்ணைப் பார்க்காமல் இது இன்ன நிலையம் என்று சொல்வது இன்று அரிதாகிவிட்டது. பாடல்கள் ஒன்றே, இடையில் வரும் விளம்பரங்களும் பெரும்பாலும் ஒன்றே. எந்தப் பாடலும் கைப்பேசியில் நினைத்த நொடியில் கிடைக்கும் காலத்தில், பாட்டுப் போடுவதால் மட்டும் ஒரு நிலையம் தனித்து நிற்க முடியாது. அந்தப் பாட்டை எந்த ஊரில் இருந்துகொண்டு, யாரை மனத்தில் வைத்துப் போடுகிறார்கள் என்பதே நேயரைத் தங்க வைக்கும்.

1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ‘நலந்தானா’ பாடலை நீங்கள் அடிக்கடி ஒலிபரப்புகிறீர்கள். சிவாஜி கணேசன் பெயரும் பத்மினி பெயரும் தவறாமல் சொல்லப்படுகின்றன. திரையில் சிவாஜி ஏந்திய நாகசுரத்துக்கு உண்மையில் மூச்சைக் கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதை மதுரையிலேயே சொல்லாவிட்டால் வேறு எந்த ஊரில் சொல்வார்கள்? டி.எம். சௌந்தரராஜன் 1922இல் பிறந்த ஊர் இது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்து, வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவிடம் இசை கற்கத் தொடங்கிய ஊரும் இதுவே. மதுரை மணி ஐயரும் மதுரை சோமுவும் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயரோடு சுமந்தவர்கள். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தென்மாவட்டத் தலைமுறைக்கு, படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதிய கவிஞர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுப் பாடலைத் தொடங்கும் அறிவிப்பாளர்களை நன்றாக நினைவிருக்கும். அதற்கு ஆகும் நேரம் கால் நிமிடம்கூட இல்லை. ஆனால் பல நிலையங்களில் அந்தக் கால் நிமிடம் அறிவிப்பாளரின் சொந்தச் சிரிப்புக்குப் போய்விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் பண்பலையை எண்ணிப் பாருங்கள். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை என்பதால், மலைமேல் நிற்கும் கோபுரம் சமவெளியில் வெகுதூரம் வரை அதைக் கொண்டு சேர்த்தது. இருப்பினும், அந்த நிலையத்தை மக்கள் தங்களுடையதாக நினைத்ததற்கு உயரம் மட்டும் காரணமில்லை. பதற்றமில்லாத அறிவிப்பும், பழைய பாடல்களுக்குத் தந்த இடமும், தங்கள் சிற்றூரின் பெயரை வானொலியில் கேட்ட மகிழ்ச்சியுமே காரணம் என்று நான் நம்புகிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களின் பெயர்கள் உங்கள் நிகழ்ச்சிகளில் ஒரு நாளில் எத்தனை முறை வருகின்றன என்பதை நீங்களே கவனித்துப் பாருங்கள்.

தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க இயலாது என்பதை அறிவேன். ஆயினும் தனியார் பண்பலைகளுக்காக மத்திய அரசு 2011இல் வகுத்த மூன்றாம் கட்டக் கொள்கை, போக்குவரத்து, வானிலை, மின்தடை, குடிநீர், தேர்வு, உள்ளூர்த் திருவிழா போன்ற தகவல்களைச் செய்திக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே நிகழ்ச்சியைப் பல நகரங்களில் ஒலிபரப்பவும் அதே கொள்கை இடம் தருகிறது. செலவு குறையும் என்பதால் அந்த வழியை நாடுவதும் புரிகிறது. ஆனால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டைகளைப் பிரித்து எடைபோட்டுக் கொண்டிருப்பவரிடம், சென்னையில் பதிவான ஒரு குரல் கிண்டிப் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினால், அவர் ஏன் அந்த நிலையத்தில் நிற்க வேண்டும்? காலை நேரம் ஒன்றையாவது, மதுரையில் அமர்ந்து, மதுரைப் பேச்சில், நேரலையாக நடத்துங்கள். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நிலையத்திடம் இவ்வளவு கேட்பது மிகையாகாது.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமானது. அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வரும் பயணத்தைப் பாடும் அழகர் வர்ணிப்பு இந்த வட்டாரத்துக்கே உரிய இசை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் குழுக் குழுவாக நின்று பாடுகிறார்கள். பாடுபவர்களின் குரல் கம்மிப்போகும் வரை பாட்டு நிற்பதில்லை. அதே வாரத்தில் நமது பண்பலைகளில் ஒலிப்பவையோ திருவிழாவைப் பற்றிய திரைப்பாடல்கள். மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளின் இரவில் ஒரு மணி நேரத்தை வர்ணிப்புக்கென ஒதுக்குங்கள். வர்ணிப்பாளர்களை நிலையத்துக்கு அழைத்து, முறையான சன்மானம் கொடுத்து, ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் சொல்லிப் பாட வையுங்கள். அந்தப் பதிவின் பிரதி ஒன்றைப் பாடியவர்களுக்கும் கொடுங்கள்; அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க அது அவர்களுக்குப் பயன்படும். வரும் சித்திரைக்குள் இதைத் தொடங்க இயலுமா என்பதை உங்கள் ஒலிபரப்பிலேயே நேயர்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை நேயர் ஒருவர்