நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சிவன் கோவில் மதிலை ஒட்டிய கரும்புக் காட்டை மறுபடி நந்தவனமாக்கும் வேலை முடிந்துவிட்டது. "கன்று நட ஏன் இவ்வளவு தாமதம்?" என்று பலரும் கேட்டீர்கள். முதலில் அதற்குப் பதில்.

பெரியாற்றுத் தண்ணீரை நம்பி, குத்தகைக்காரர்கள் மாறி மாறிக் கரும்பு போட்ட நிலம் அது. கரணை (கரும்புத் துண்டு) ஊன்றி ஒரு வெட்டு, அப்புறம் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் மறுதாம்பு, அதற்கும் மேல் இன்னொரு மறுதாம்பு. சோகையையும் (காய்ந்த கரும்புத் தோகை) அங்கேயே கொளுத்திவிடுவார்கள். மண்ணில் மக்கு இல்லாமல் போய், அடிமண் தட்டுப்போல இறுகிவிட்டது. அதில் குழி வெட்டி நட்டால் மழைத் தண்ணீர் இறங்காமல் நின்று வேர் அழுகிவிடும். ஆகவே கரும்புக் கட்டைகளைத் தோண்டி எடுத்து, உளிக்கலப்பை ஓட்டித் தட்டை உடைத்தோம். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதோம். இதை இரண்டு முறை செய்தோம். கோரைக் களை இன்னும் முழுதாக அடங்கவில்லை. நம் ஊர்ப் பெண்கள்தான் வெயிலில் உட்கார்ந்து கிழங்கோடு கொத்தி எடுக்கிறார்கள். இந்தத் திருப்பணியில் பெரிய பங்கு அவர்களுடையது.

கிணறு தூர்வாரி, சொட்டுநீர்க் குழாயும் போட்டாயிற்று.

மதுரை கடம்பவனமாக இருந்த ஊர். மீனாட்சியம்மன் கோவில் தலமரமும் கடம்புதான். அதனால் முதல் கன்றாகக் கடம்பை ஈரம் தாங்கும் வாய்க்கால் ஓரம் வைத்தோம். வில்வம், வன்னி, மகிழம், புன்னை, பவழமல்லி, நந்தியாவட்டை எல்லாம் பூசைக்கு ஆகும்.

நாகலிங்கத்துக்கு மட்டும் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது, வெளிநாட்டு மரமாயிற்றே என்று. உண்மைதான், தென் அமெரிக்கக் கயானா பக்கத்து மரம் அது. அந்தக் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம்மவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் நடக்கிறது. அந்த மண்ணின் மரம் இங்கே சிவனுக்குப் பூக் கொடுக்கிறது. கரும்பு விளைந்த இடத்தில் அது நிற்பதுதான் பொருத்தம் என்று குழு முடிவு செய்து, இந்த விவரத்தை மரத்தடிப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறது. அதன் காய் இரும்புக் குண்டு மாதிரி கனக்கும் என்பதால் நடைபாதையைவிட்டுத் தள்ளியே நட்டிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கு கோவில் அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். கோடை முடியும்வரை தண்ணீர் முறைக்குத் தெருவுக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். ஆடு மாடு நுழையாதபடி வேலிப் படலைச் சாத்திவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நந்தவனத் திருப்பணிக் குழு