எங்கள் பாலை எங்கள் கண்முன்னே சோதியுங்கள்

பால் கொள்முதல் நிர்வாகத்தினருக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஒரு பெரியம்மாவின் பாலைத் திருப்பி அனுப்பினீர்கள். "தண்ணி கலந்திருக்கு" என்றதோடு சரி. கருவியில் அளவு எவ்வளவு வந்தது என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை, சீட்டும் இல்லை. ஒற்றை மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் அவர். நட்டமானது ஒரு வேளைப் பால்தான். ஆனால் அன்றிலிருந்து அவர் கேனைத் திறந்தால் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் ஈடு கட்டுவீர்கள்?

நீங்கள் அறியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மடியிலிருந்து இறங்கும் பால் ஏறக்குறைய 38 டிகிரி சூட்டில் இருக்கும். பாலின் அடர்த்தியை அளக்க அதில் மிதக்கவிடும் கருவியான நம் சங்கத்து லாக்டோமீட்டர், 27 டிகிரி சூட்டில் இருக்கும் பாலுக்கானது. அதன் தண்டிலேயே போட்டிருக்கிறது. பால் சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், கருவி ஆழமாக இறங்கும், அளவு குறைத்துக் காட்டும். கறந்த கையோடு பாலில் காற்றும் நுரையும் வேறு நிற்கும்; அது இன்னும் கொஞ்சம் குறைக்கும். கருவி காட்டும் அடர்த்தி அளவு ஒரு டிகிரி குறைந்தால் எஸ்.என்.எஃப்., அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து, கால் சதவீதப் புள்ளி இறங்கும், பில்லில் வெட்டு விழும். அதனால்தான் பாலின் சூட்டைப் பார்த்துத் திருத்தம் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான தெர்மாமீட்டர் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது, உறைகூடப் பிரிக்காமல்.

ஆக, கறந்ததும் ஓடிவந்து ஊற்றுகிறவருக்குத் தண்டனை. ஆறவிட்டு நிதானமாக வருகிறவருக்கு நல்ல அளவு. பசும்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கண்ணை மூடிக்கொண்டு குற்றவாளியைப் பிடிப்பதாக இருந்தால், மாட்டின் மேலேயே வழக்குப் போட்டுவிடலாம்.

கலப்படம் செய்கிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், பிடியுங்கள். ஒருவர் ஊற்றும் தண்ணீர் எல்லார் பாலையும்தான் கெடுக்கிறது. ஆனால் சோதனை சரியாக நடந்தால்தானே அவரைப் பிடிக்க முடியும்? எங்கள் பாலை எங்கள் கண்முன்னே சோதியுங்கள் என்பதைத் தவிர நாங்கள் வேறென்ன கேட்டோம்?

மேடை கிடைத்தால் சிறு பால்பண்ணைதான் கிராமத்தின் உயிர்நாடி என்கிறீர்கள். மறுக்கவில்லை. வெள்ளாமைப் பணம் அறுவடைக்குத்தான் வரும். பால் பணம் மாதத்துக்கு இரண்டு தடவை வரும். குழி நிலம் இல்லாதவருக்கும் வரும், பல வீடுகளில் பெண்கள் கைக்கே வரும். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்து விவசாயிகள் சங்கம் கண்டதே, இடைத்தரகர் வைத்ததுதான் விலை என்ற நிலையை ஒழிக்கத்தான். அந்த இடைத்தரகரின் நாற்காலியில் இன்று சங்கமே உட்கார்ந்துகொண்டால் எப்படி? மாடு வாங்கக் கடன் தருகிறீர்கள், படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அதே மாடு சினைப் பருவத்துக்கு வந்தால் அந்தப் பருவம் முக்கால் நாள்கூட நிற்காது. சினை ஊசி போட ஆள் மறுநாள் சாவகாசமாக வருவார். அப்புறம் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை தீவனச் செலவு எங்களுடையது. சரி, அது வேறு துறை, அதற்கு வேறு மடல் எழுதிக்கொள்கிறேன்.

இப்போதைக்குத் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொருவர் பாலையும் அவரவர் கண்முன்னே சோதியுங்கள். சூட்டை அளந்து திருத்தம் கூட்டுங்கள். கொழுப்பு, எஸ்.என்.எஃப்., பாலின் சூடு மூன்றும் எழுதிய சீட்டைக் கையில் கொடுங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்ச நேரம் ஆறவைத்து, ஊற்றியவர் எதிரிலேயே இன்னொரு தடவை பாருங்கள். அந்தப் பெரியம்மாவின் பாலை வரிசையில் வைத்துத்தான் திருப்பினீர்கள். விளக்கத்தையும் அதே வரிசையில் வைத்துச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் உறுப்பினர் ஒருவர்