டிஷ் கெடவில்லை, பின்னில்தான் களிம்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பகுதியில் ஒரு அன்பர், மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷை வாங்கி ஏமாந்துவிட்டதாக எழுதியிருந்தார். மூன்று மாதம் நன்றாக ஓடியதாம், அப்புறம் திரையில் 'நோ சிக்னல்' என்று வந்து நின்றுவிட்டதாம், இரண்டு தடவை ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பழையபடி கேபிளுக்கே போய்விட்டாராம். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் இதே கதை எங்கள் அம்மா வீட்டிலும் நடந்தது. டிஷ்ஷும் கெடவில்லை, டி.வி.யோடு இணைக்கிற செட்-டாப் பாக்ஸும் கெடவில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா விளாத்திகுளம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஐப்பசி மழை முடிந்த மறுவாரம் போன் வந்தது. "எய்யா, டி.வி. ஓடலய்யா." நான் வெளியூரில் இருந்ததால் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "எல்.என்.பி. போச்சு அண்ணாச்சி, மாத்தணும்" என்றார். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கிக் கேபிளுக்குள் அனுப்புகிற சின்னக் கருவிதான் எல்.என்.பி. சரி என்று 450 ரூபாய் கொடுத்து மாற்றினோம். படம் வந்தது. எட்டாவது நாள் மறுபடியும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாடி ஏறினேன். எல்.என்.பி.யில் மாட்டியிருந்த கேபிளின் பின்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் திருகு இணைப்பை, கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த செம்புக் கம்பி பச்சைப் பசேலென்று களிம்பு ஏறிக் கிடந்தது, பின்னுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வேறு. மெக்கானிக் எல்.என்.பி. மாற்றும்போது அதே பின்னைக் கழற்றி மாட்டியதில் களிம்பு கொஞ்சம் உரசிப் போய் ஒரு வாரம் சிக்னல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் செய்தது இது: பாக்ஸின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கேபிளில் அரை அடி வெட்டித் தள்ளினேன், நல்ல செம்பு தெரிகிற இடம் வரை. மேல் தோலைச் சீவி, வெள்ளிக் கம்பி வலையைப் பின்னால் மடித்து, புதுப் பின்னை முறுக்கி ஏற்றினேன், நடுக்கம்பி பின்னின் வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருக்கும்படி. இதில் ஒரே ஒரு விஷயம் கவனம்: அந்த வலையில் ஒரு முடி அளவு இழை நடுக்கம்பியைத் தொட்டால்கூட ஷார்ட் ஆகிவிடும், ஏனென்றால் அதே கேபிள் வழியாகத்தான் பாக்ஸ் எல்.என்.பி.க்குக் கரண்ட் அனுப்புகிறது. பின்னுக்கு 20 ரூபாய்கூட ஆகவில்லை. மேலே ரப்பர் டேப் சுற்றி, கேபிளை டிஷ்ஷுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினேன், மழைத்தண்ணீர் கேபிள் வழியே ஓடிவந்து பின்னுக்குள் இறங்காமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு முழு மழைக்காலம் ஓடிவிட்டது, அம்மா போன் செய்தால் இப்போது வேறு கதைதான் பேசுகிறார்.

பாக்ஸின் மெனுவில் சிக்னல் பகுதியைத் திறந்தால் இரண்டு கோடுகள் இருக்கும், ஸ்ட்ரெங்த் ஒன்று, குவாலிட்டி ஒன்று. நிறையப் பேர் ஸ்ட்ரெங்த் 80 காட்டுகிறது, ஆனால் படம் இல்லை என்று குழம்புகிறார்கள். டிஷ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் எல்.என்.பி.யும் கேபிளும் ஒழுங்காக இருந்தால் ஸ்ட்ரெங்த் கோடு ஏறித்தான் நிற்கும். சரியான செயற்கைக்கோள் மாட்டினால்தான் குவாலிட்டி ஏறும். அதனால் இரண்டுமே பூஜ்யம் என்றால் கேபிள், பின், எல்.என்.பி., இந்த மூன்றில் தேடுங்கள். ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி இல்லை என்றால் பெரும்பாலும் டிஷ் காற்றில் நகர்ந்திருக்கும், இல்லையென்றால் மெனுவில் யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள். எல்.என்.பி. என்ற இடத்தில் யுனிவர்சல் அல்லது 9750/10600 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் ரிமோட்டை நோண்டி இதை மாற்றிவிட்டதற்காக ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

டிஷ் திருப்புவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இதைச் சொல்பவர்கள் குறைவு. யூட்யூபில் கிடைப்பதில் பாதிக்கு மேல் இந்தி வீடியோக்கள், அவை டெல்லி, லக்னோ பக்கத்து வீடுகளுக்கு எடுத்தவை. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் அது நிற்கிறது. டெல்லியிலிருந்து பார்த்தால் அது தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, அடிவானத்திலிருந்து சுமார் 52 டிகிரி உயரத்தில் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் நன்றாகக் கிழக்கே தள்ளி, திசைகாட்டியில் 119 டிகிரியில், வானத்தில் 69 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னைக்குத் திசை 134, உயரம் 68. வீடியோவில் பார்த்த மாதிரியே டிஷ்ஷை நிமிர்த்தி வைத்துத் தெற்கே திருப்பினால் நம் ஊரில் சாயங்காலம் வரை தேடினாலும் கிடைக்காது. நம் ஊரில் டிஷ் நன்றாக மல்லாந்து வானம் பார்க்க வேண்டும். எல்.என்.பி.யைப் பிடியில் திருப்பி வைக்கிற அளவும் அப்படித்தான், தெற்கே வர வர அதிகம் திருப்ப வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி, குவாலிட்டி கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அதிகம் ஏறுகிற இடத்தில் முறுக்கிவிடுங்கள்.

போனில் திசைகாட்டி பார்ப்பவர்கள் ஆன்டெனா பைப்பிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள், இரும்புப் பக்கத்தில் அது பொய் சொல்லும். டி.வி. முன்னால் ஒருவர் உட்கார்ந்து போனில் எண்ணைச் சொல்ல, மேலே இருப்பவர் விரலளவு விரலளவாக அசைத்து, ஒவ்வொரு தடவையும் ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாகத் திருப்பினால் பாக்ஸ் பிடிப்பதற்குள் செயற்கைக்கோளைத் தாண்டிப் போய்விடுவோம்.

உயரம் 69 டிகிரி என்பதில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. வீட்டு முன்னால் வேப்பமரம் இருக்கிறது, எதிர்வீடு மாடி வீடு, அதனால் டிஷ் எடுக்காது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிட்டதாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கணக்குப்படி டிஷ்ஷிலிருந்து 10 அடி தள்ளி இருக்கும் மரம் டிஷ்ஷைவிட 26 அடி உயரமாக இருந்தால்தான் மறைக்கும். கிளை நேர் மேலே கவிந்திருந்தால் ஒழிய, குறுகின தெருவிலும் சின்ன மொட்டை மாடியிலும் தாராளமாக வைக்கலாம்.

சில சேனல் மட்டும் காணோம் என்றால் மாடி ஏற வேண்டாம். சேனல்கள் கட்டுக் கட்டாக ஒரே அலைவரிசையில் வருகின்றன, இடங்கள் ஏலத்தில் மாறுகின்றன, வழக்கமாக ஏப்ரல் 1ஆம் தேதியை ஒட்டி நிறைய மாறும். மெனுவில் ஆட்டோ ஸ்கேன் போட்டால் பாக்ஸே சேனல்களைப் புதிதாகத் தேடிக்கொள்ளும், திரும்ப வந்துவிடும். பழைய பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: சில சேனல்கள் படத்தைச் சுருக்கி அனுப்புகிற புதிய முறையான எம்பெக்-4இல் வருகின்றன, எம்பெக்-2 மட்டும் தெரிந்த பழைய பாக்ஸில் அவை எத்தனை ஸ்கேன் போட்டாலும் வராது, அது பழுது அல்ல. புதிதாக வாங்குபவர்கள் எம்பெக்-4 பாக்ஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். கொட்டுகிற மழையில் படம் உடைந்தால் மழை விடும்வரை பொறுங்கள், டிஷ்ஷைத் தொட வேண்டாம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போகும், அது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால். இந்த நேரங்களில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறியவர்கள்தான் நன்றாக இருந்த டிஷ்ஷைக் கெடுத்துக்கொண்டார்கள்.

யார் வாங்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள் கட்டணச் சேனல்கள், அவற்றின் சீரியல் இல்லாமல் இருக்க முடியாது என்றால் இது உங்களுக்குப் போதாது. முன்பு பொதிகை என்று இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ், வானொலி நிலையங்கள், பள்ளி, கல்லூரிப் பாடங்களுக்கான இ-வித்யா, ஸ்வயம் பிரபா சேனல்கள், ஏராளமான இந்திச் சேனல்கள், இவை வரும். அம்மாவுக்கு டிடி தமிழும் காலையில் பக்திப் பாட்டும் போதும், மாதாமாதம் கட்டணம் கிடையாது, பாக்ஸ், டிஷ் எல்லாம் சேர்த்து ஒரே தடவை ஏறக்குறைய 2,000 ரூபாயோடு முடிந்தது. எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. பரணில் பழைய கட்டண டிஷ் கிடந்தால் அதையே கழுவி, திசையைத் திருப்பி வைக்கலாம்.

இந்தச் சேவை டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் 2004 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கள் கரையோரத்தில் என்ன நிலைமை என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். தென்னை உயரத்துக்கு ஆன்டெனா பைப்பை நட்டு, இலங்கை அரசு டி.வி.யான ரூபவாகினியைக் கடல் தாண்டி இழுத்துப் பார்த்தோம், காற்று அடிக்கும்போது ஒருவர் பைப்பைப் பிடித்துக்கொண்டே நிற்பார். பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்தபோது ஊரே கொண்டாடியது. இப்போது தரைவழி ஒளிபரப்பு நிலையங்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் தூர்தர்ஷன் மூடிவிட்டது, 2016இல் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கிய 16 நகரங்களில் சென்னை இருந்தாலும் அது எங்கள் ஊருக்கு எட்டாது. அப்படியென்றால் கேபிள் கட்ட முடியாத ஒரு வீட்டுக்குக் காசில்லாமல் தமிழில் டி.வி. செய்தி வந்து சேர மிச்சம் இருப்பது இந்த டிஷ் ஒன்றுதான். அது ஒரு 20 ரூபாய்ப் பின்னுக்காக மாடியில் துணி காயப்போடும் கம்பியாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் இரண்டு கோரிக்கை. சேனல்கள் இடம் மாறும் நாட்களில், ஆட்டோ ஸ்கேன் போடுங்கள் என்ற அறிவிப்பை டிடி தமிழில் தமிழிலேயே, வயதானவர்கள் படிக்கிற அளவு பெரிய எழுத்தில், மாறுவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஓடவிட வேண்டும். மாறிய பிறகு சொல்லிப் பயனில்லை, சேனல் போன வீட்டில் அறிவிப்பும் தெரியாது. அடுத்தது உங்களிடம்: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் டிஷ் வைக்க வேண்டிய திசையும் உயரமும் ஒரு சின்னப் பெட்டியாகப் போடுங்கள், ஒரு நாள் போட்டால் போதும், வெட்டி எடுத்து டி.வி. பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் வந்தால் நல்லது. அந்த அன்பர் இதைப் படித்தால், டிஷ்ஷை இன்னும் கழற்றி விற்றுவிடவில்லை என்றால், எல்.என்.பி. பக்கத்துப் பின்னை ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்