என் வலியை நம்பியவர்களுக்கு

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து லயத்தில், நம் வரிசை வீடுகளில், இருக்கும் சொந்தங்களுக்கும், ஜீப் ஸ்டாண்டு அண்ணன்மாருக்கும், கோட்டயத்தில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கும் அங்கிருந்த சிஸ்டர்மாருக்கும் வணக்கம்.

தையல் பிரித்து 12 நாள் ஆகிறது. ஒவ்வொரு வீடாக ஏறி வந்து நன்றி சொல்ல இன்னும் உடம்பில் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

2 வருஷத்துக்கு முன்னால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வலது அடிவயிற்றில் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி வந்தது. கூடவே வாந்தி. காட்டிய இடத்தில் வெறும் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். சில நாளில் வலி தானாக அடங்கியது, நானும் விட்டுவிட்டேன். விடாதவர் என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் அக்கா. "சாக்கைத் தூக்கும்போது ஏன்டி ஒரு பக்கமா சாயுற?" என்று கேட்டுக்கேட்டு, ஒருநாள் தன் கூலியையும் விட்டுவிட்டு என்னை ஸ்கேனுக்கு இழுத்துப் போனார். அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

ஸ்கேனில் வலது சினைப்பையைக் காணவில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. சி.டி. ஸ்கேன் எடுத்தபோது அதற்குள் கொழுப்பும், பல் போல வெள்ளையாக ஏதோ ஒன்றும் தெரிய, டெர்மாய்டு கட்டி என்றார்கள். சினைப்பையில் வரவேண்டிய கட்டி மேலே எப்படிப் போனது என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். அன்றைக்கு வந்த வலியில் கட்டியோடு சேர்ந்து சினைப்பையே காம்பில் முறுக்கிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் நின்று, மெல்ல அறுந்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே ரத்தம் உறிஞ்சியிருக்கும். "இத்திக்கண்ணி போலே" என்றார். நாம் புல்லுருவி என்போமே, அதேதான். எனக்குச் சட்டென்று புரிந்தது. இப்படி இடம் மாறுவது ரொம்ப அபூர்வமாம்.

ஜீப் அண்ணன்மாரே, ஓ நெகட்டிவ் ரத்தம் தயாராக இருக்கட்டும் என்று சொன்ன அன்று ராத்திரியே குட்டிக்கானம், முண்டக்கயம் வளைவெல்லாம் மழையில் இறங்கி 2 பேர் வந்து நின்றீர்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. ஆனாலும் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் உள்ளே போனேன். வாசலில் கையைப் பிடித்து "பேடிக்கண்டா மோளே", பயப்படாதே மகளே, என்ற சிஸ்டரையும் மறக்க மாட்டேன்.

வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளைகள் போட்டே செய்தார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்க் கொழுப்பு வயிற்றில் சிந்தினால் பெரிய புண்ணாகிவிடும் என்பதால், கட்டியை ஒரு பைக்குள் போட்டுக் கட்டி வெளியே எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரால் உள்ளே கழுவினார்களாம். டெர்மாய்டு சிலருக்கு இரண்டு பக்கமும் வரும் என்று இடது சினைப்பையையும் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். கர்ப்பப்பையையும் தொடவில்லை. இன்னும் பிள்ளை பெறாத எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் அம்மாவிடம் கேளுங்கள்.

எடுத்ததை என் வீட்டுக்காரர் பார்த்தார். கிண்ணத்தில் மஞ்சள் நெய் மாதிரி கொழுப்பு, அதற்குள் தேங்காய் நார் போல ஒரு முடிச் சுருள், ஒரு சின்னப் பல். ஊருக்கு வந்ததும் அதைக் குழந்தை என்றும் செய்வினை என்றும் சிலர் பேசினார்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் போனது. அப்புறம் போனில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: கருமுட்டையாக வேண்டிய ஒரு செல், ஆணின் விந்தணு சேராமலே தானாகப் பெருகும். அந்தச் செல்லுக்கு உடம்பின் எந்தப் பாகத்தையும் உண்டாக்கும் சக்தி உண்டு. அதனால்தான் தோல், முடி, பல் எல்லாம் வருகின்றன. அது குழந்தை இல்லை, யார் கண்ணும் பட்டதில்லை, நான் செய்த பாவமும் இல்லை. பயாப்ஸியிலும் புற்றுநோய் இல்லை என்று வந்துவிட்டது. அந்தப் போனுக்கு எப்படி நன்றி சொல்வது டாக்டர்?

மூணாவது லயத்துச் சித்தி, 10 நாளும் கஞ்சி கொடுத்தனுப்பிய உங்கள் தூக்குவாளி இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே நடந்து வந்து தருகிறேன்.