குன்னூர் ஆலய ஆர்கனுக்குப் புதுத் துருத்தி: ஒரு நன்கொடை வேண்டுகோள்

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் சபையாருக்கும் இசை அன்பர்களுக்கும் வாழ்த்துகள்.

நம் ஆலயத்து மிதி ஆர்கன் கடந்த ஈஸ்டருக்குப் பிறகு மூடியே கிடக்கிறது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்ததில் என்ன பழுது, ஏன் வந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. உங்களிடம் உதவி கேட்பதற்கு முன் அதை முழுதாகச் சொல்லிவிடுவதே முறை.

இது குழல் ஆர்கன் அல்ல, ரீடு ஆர்கன். ரீடு என்பது சிறு சட்டத்தில் பொருத்திய மெல்லிய பித்தளை நாக்கு; காற்றுப் பட்டால் அதிர்ந்து ஒலிக்கும். ஐந்து ஸ்தாயி, 61 கட்டை, கட்டைக்கு இரண்டு வீதம் 122 பித்தளை ரீடுகள். கச்சேரி ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை ரீடு வழியே வெளியே தள்ளும். இதில் நேர்மாறு. மிதிகள் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற, வெளிக்காற்று ரீடு வழியாக உள்ளே பாய்கிறது. அதனால் ஆலயத்துத் தூசி, பஞ்சு, பூச்சிச் சிறகு எல்லாம் நேராக ரீடில் போய் உட்காருகின்றன. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு துகள் சிக்கினாலே அந்தச் சுரம் ஊமையாகிவிடும். அதே துகள் வால்வின் தோலுக்கடியில் சிக்கினால் கட்டையைத் தொடாமலே சுரம் ஒலிக்கும், ஜெப வேளையிலும் நிற்காது.

இவை சிறு பழுதுகள். பெரிய பழுது துருத்தியில்தான். துருத்திக்குப் போடுவது ரப்பர் பூசிய பருத்தித் துணி. வருடம் போகப் போக ரப்பர் காய்ந்து மடிப்போரங்களில் வெடிக்கும். நம்முடையதில் இடப்பக்கத் துருத்தியின் அடிமடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதன்மேல் யாரோ எப்போதோ சைக்கிள் டியூப் பட்டையை வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பழைய வஜ்ஜிரப் பசை என்றால் வெந்நீர் ஒற்றடத்திலேயே இளகிவிடும். வெள்ளைப் பசை மரத்தின் நாரையும் சேர்த்துப் பெயர்க்கும். ஆகவே பலகையை இழைத்து மட்டம் செய்யும் வேலை இப்போது கூடுகிறது.

மற்றதெல்லாம் மலையின் ஈரம் செய்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதி, கட்டைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அழுத்தினால் எழுவதில்லை. மாசி, பங்குனியில் அதே மரம் சுருங்கிக் காற்றறைப் பலகையில் கீறல் விட்டிருக்கிறது. ரீடுகளில் பச்சைக் களிம்பு. ஃபெல்ட்டை அந்துப்பூச்சிப் புழு அரித்துவிட்டது. மிதிக்குப் பக்கத்து இடைவெளியில் சுண்டெலி கூடு கட்டியிருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் 122 ரீடுகளையும் கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து, எண்ணிட்ட தட்டில் வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் துடைக்கலாம், உப்புத்தாள் படவே கூடாது. பிறகு பழைய துருத்தித் துணியைக் கிழியாமல் பிரித்து, அதையே அளவுக்கு வைத்துப் புதுத் துணியை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் எல்லா ஸ்டாப்புகளையும் (ரீடுகளுக்குக் காற்றுவழி திறந்து மூடும் இழுகுமிழ்களை) மூடி, மிதித்துவிட்டுக் காலை எடுத்தால், காற்றறை விரியாமல் குறைந்தது ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது.

சுருதி சேர்ப்பது கடைசி. ரீடு நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்ப வராது. கீபோர்டோடு ஒத்துப்போக மொத்த ஆர்கனின் சுருதியையும் உயர்த்தலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. இருக்கும் சுருதியிலேயே ரீடுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் போதும். அதேபோல் மின்மோட்டாரும் வேண்டாம். மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் ஆராதனை நிற்காது என்பதே மிதியின் பெருமை.

இதற்குப் பதில் நல்ல கீபோர்டு ஒன்று வாங்கித் தருகிறோம் என்று அன்போடு முன்வந்தவர்களுக்கு நன்றி. அதற்கும் ஆலயத்தில் இடம் உண்டு. ஆனால் பாமாலைப் பாட்டை நான்கு குரலில் பாடப் பழகும் பிள்ளைக்கு, தன் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) வரியையோ டெனர் (ஆண்களின் மேல்குரல்) வரியையோ பக்கத்திலேயே ரீடின் ஒலியில் கேட்டுப் பிடிப்பது எளிது. வாசிப்பவரின் காலும் பாடுபவரின் மூச்சும் ஒரே வரியில் தளர்ந்து ஒரே வரியில் எழும். கீர்த்தனைகள் வேறு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக ராகங்களில் தந்தவற்றின் கமகத்தை எந்தக் கட்டையும் தராது. அவற்றுக்கு வயலினும் மிருதங்கமும் முன்னே நிற்கட்டும். ஆர்கன் ஆதார ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்தால் போதும். பயிற்சியிலும் இதைக் கடைப்பிடிப்போம்.

செலவு மொத்தம் ₹2,00,000. துருத்தித் துணி 5 மீட்டர், வால்வுத் தோல், ஃபெல்ட், பசை ஆகியவற்றுக்கு ₹42,000. உடைந்த 7 ரீடுகளுக்கு ₹14,000. கைதேர்ந்த இருவர் 18 நாள் தங்கிச் செய்யும் வேலைக்குக் கூலி, பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ₹96,000. எலி புகாத கம்பிவலை, ஈரம் ஏறாதபடி பீடப்பலகை, உறை ஆகியவற்றுக்கு ₹18,000. ஸ்டாஃப் (ஐந்து கோட்டு இசைக்குறி), சொல்ஃபா (டோ, ரே, மி எழுத்துக்குறி) இரண்டிலும் 40 இசைப்படிகளுக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் ஆறு மாதப் பயிற்சிக்கும் ₹30,000. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த ₹61,000 கையில் இருக்கிறது. இன்னும் தேவை ₹1,39,000. ஒரு கட்டைக்கு ₹2,300 வீதம் 61 பேர் ஏற்றுக்கொண்டால் நிறைவாகும். கட்டையில் பெயர் பொறிக்கப் போவதில்லை. 10 ரூபாயும் அதே பேரேட்டில்தான் ஏறும்.

ஈஸ்டரில் நம் குவயர் பாடும் அல்லேலூயா கோரஸ் அடங்கிய, இசையமைப்பாளர் ஹாண்டலின் ‘மெசியா’ என்னும் பெரிய பாடல் தொகுப்பு, 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதலில் அரங்கேறியதே தருமத்துக்காகத்தான். அந்த வசூலில் கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேர் விடுதலையானார்கள். வரும் ஈஸ்டரில் அந்தக் கோரஸை இந்த ஆர்கனோடு பாட விரும்புகிறோம்.

அதற்குக் காலக்கெடு உண்டு. ஈரத்தில் பசை இறுகாது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களில்தான் துருத்தி ஒட்ட முடியும். எனவே டிசம்பர் 31-க்குள் தொகை சேர வேண்டும். முழுத் தொகையும் உறுதியாகும்வரை துருத்தியைப் பிரிக்க மாட்டோம். பிரித்த ஆர்கனைப் பாதியில் விட்டால் பாகங்கள் தொலையும், அப்புறம் அது விறகுதான்.

பணமாகத் தர இயலாதவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். எஸ்டேட் பங்களாவிலோ வீட்டுப் பரணிலோ சிதைந்த ரீடு ஆர்கன் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டி உளுத்திருந்தாலும் பரவாயில்லை, ரீடுகள் உதவும். கழற்ற வேண்டாம், சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். வேலைக்கு வரும் இருவருக்கும் ஆலயத்துக்கு அருகில் ஓர் அறை கிடைத்தால் தங்கும் செலவு குறையும்.

காணிக்கையை ஆலய அலுவலகத்தில் மட்டும் செலுத்தி, எண்ணிட்ட ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் எங்களில் யாரிடமும் பணம் தர வேண்டாம். மாத முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆர்கனின் பின்பலகையும் அன்று திறந்திருக்கும், வந்து பாருங்கள்.

கர்த்தரின் பணியில்,
ஆர்கன் சீரமைப்புக் குழுவினர்,
குன்னூர்